பிரேடாவில் விளைந்த குருணை, கான்பூரில் கட்டிய தொட்டி

கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கும் பொறியாளர்களிடம் ‘யு.ஏ.எஸ்.பி.’ என்று சொல்லிப் பாருங்கள். காற்றில்லாமலே பாக்டீரியாவைக் கொண்டு கழிவைச் செரிக்கும் ஒரு வகைத் தொட்டியின் பெயர் அது. நகராட்சிப் பக்கம் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். நாற்றம், கறுத்து வெளியேறும் தண்ணீர், அரித்துப்போன கான்கிரீட், யாருக்கும் பயன்படாமல் எரித்துவிடும் வாயு என்று அடுக்குவார். காகித ஆலையிலோ பீர் ஆலையிலோ இருப்பவர் அதே தொட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். கழிவுநீரிலிருந்து கிளம்பும் வாயு பாய்லருக்குப் போகிறது, மின்கட்டணம் இறங்கியிருக்கிறது, கசடு கொஞ்சம்தான் சேர்கிறது, சேர்ந்த கசடைக்கூட வேறு ஆலைக்காரர் புதுத் தொட்டியைத் தொடங்க விதைக்கசடாக விலைக்கு வாங்கிப் போகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒரே வடிவமைப்புக்கு இப்படி இரண்டு தீர்ப்பு எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வடிவமைப்பைத் தந்தவர் நெதர்லாந்தின் வாஹெனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் காட்சே லெட்டிங்கா. 1970களின் தொடக்கத்தில் ஆய்வகக் குழாய்களில் ஆரம்பித்த அவருடைய வேலை, பத்து ஆண்டுகளுக்குள் ஆலைகளுக்கும், இருபது ஆண்டுகளுக்குள் கங்கைக் கரைக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததில் எது வந்தது, எது வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சர்க்கரை ஆலையின் தலைவலி

1970இல் நெதர்லாந்தில் மேற்பரப்பு நீர் மாசுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆற்றிலோ கால்வாயிலோ கழிவை விடுபவர் அதன் அளவுக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். ஆலைகளின் கழிவை ‘இத்தனை மனிதர்கள் வெளியேற்றும் கழிவுக்குச் சமம்’ என்று கணக்கிட்டு வரி போட்டார்கள். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளுக்கு இது பலத்த அடி. வயலிலிருந்து மண்ணோடு வரும் கிழங்கைக் கழுவும் தண்ணீரில் சர்க்கரை கரைந்துவிடும். கழுவுநீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அதன் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று காட்டும் சி.ஓ.டி. அளவு, லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் வரை ஏறும். வீட்டுச் சாக்கடையில் அது சில நூறுதான் இருக்கும். போதாக்குறைக்கு ஆலை ஓடுவது இலையுதிர் காலத்தில் சில மாதங்கள் மட்டும்; மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும்.

அன்றைக்கு எல்லாரும் அறிந்த வழி காற்றூட்டும் தொட்டி. புளோயர் போட்டுக் காற்றை அடித்தால், ஆக்சிஜனை நம்பி வாழும் பாக்டீரியா கழிவைத் தின்னும். ஒரு கிலோ சி.ஓ.டி.யை அகற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். தின்ற பாக்டீரியா பெருகுவதால் அரை கிலோ வரை புதுக் கசடு சேரும்; அதைத் தனியாக உலர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். வருடத்தில் முக்கால்வாசி நாள் உணவே இல்லாமல் கிடக்கும் ஆலைக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் மின்சாரக் கணக்கையும் யாரும் விட்டுவைக்கவில்லை.

காற்றில்லாமல் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களை மனிதன் அறியாதவன் அல்ல. நம் ஊர் சாண எரிவாயுக் கலன் வேலை செய்வதும் அவற்றால்தான். முதல் கூட்டம் பெரிய மூலக்கூறுகளைக் கரைக்கும், இரண்டாவது அதை அமிலமாக்கும், மூன்றாவது அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கும், நான்காவது கூட்டம் மீத்தேன் ஆக்கும். ஒரு கிலோ சி.ஓ.டி. முழுதும் மீத்தேன் ஆனால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 0.35 கன மீட்டர் வாயு கிடைக்கும். மின்சாரம் தேவையில்லை. சேரும் கசடு, காற்றூட்டும் முறையில் சேர்வதில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவுதான்.

இத்தனை நல்லது இருந்தும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு யாரும் அதைப் பெரிதாக எடுக்காததற்குக் காரணம், கடைசிக் கூட்டத்தின் சோம்பல். மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகள் இரட்டிப்பாகவே நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தொட்டிக்குள் சில மணி நேரம் மட்டும் நின்றுவிட்டு வெளியேறினால் அவையும் கூடவே அடித்துக்கொண்டு போய்விடும். அவற்றைத் தக்கவைக்கத் தண்ணீரை இருபது முப்பது நாள் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு ஏரி அளவுக்குத் தொட்டி கட்ட வேண்டும். ஆகவே அன்றைய ஆய்வாளர்களின் கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் சீக்கிரம் போக வேண்டும், கசடு உள்ளேயே இருக்க வேண்டும். எப்படி?

கல்லை எடுத்துவிட்டால் என்ன

1969இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் யங்கும் பெர்ரி மெக்கார்ட்டியும் ஒரு வழி காட்டினார்கள். தொட்டியில் கல்லை நிரப்பிக் கீழிருந்து கழிவுநீரைச் செலுத்தினால், பாக்டீரியா கல்லில் ஒட்டி வளரும், அடித்துக்கொண்டு போகாது. லெட்டிங்காவின் குழுவும் வாஹெனிங்கனில் அந்த முறையைத்தான் முதலில் சோதித்தது. சோதிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. கசடில் பெரும்பங்கு எதிலும் ஒட்டவில்லை. தொட்டியின் அடியில் கனமாகத் தானே படிந்து கிடந்தது. ஒட்டுவதற்கென்று போட்ட கல் இடத்தை அடைத்ததுதான் மிச்சம். கல்லே வேண்டாமே என்று அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் யு.ஏ.எஸ்.பி. கீழிருந்து மேலே நீர் ஓடும், காற்றில்லாத, கசடுப் படுகைத் தொட்டி. நான்கைந்து மீட்டர் ஆழம். அடித்தளம் முழுக்கக் குழாய்களால் கழிவுநீர் சீராக இறங்கும். அது மணிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தில் மெல்ல மேலேறும். வழியில் தடித்த கசடுப் படுகை. அதைத் தாண்டி வரும்போது மூன்று பொருள்கள் சேர்ந்து வருகின்றன: தண்ணீர், வாயுக் குமிழி, குமிழியோடு மேலே கிளம்பிய கசடு. இவற்றைப் பிரிக்க மேலே தலைகீழ்ப் புனல் மாதிரி சாய்ந்த மூடிகள். குமிழி மூடிக்குள் சேர்ந்து குழாய் வழியே போகும். வாயு பிரிந்ததும் கசடு கனத்து மறுபடி கீழே சரியும். தண்ணீர் மூடிகளின் இடைவெளி வழியாக மேலேறி வழிந்தோடும். உள்ளே சுழலும் விசிறியோ கலக்கியோ எதுவும் கிடையாது. வரும் வாயுவே கலக்கிவிடும்.

சி.எஸ்.எம். சர்க்கரை நிறுவனம் நெதர்லாந்தின் பிரேடா நகரில் இருந்த தன் ஆலையில் 6 கன மீட்டர் முன்னோட்டத் தொட்டிக்கு இடம் கொடுத்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கு ஓர் ஆலை தன் உண்மையான கழிவுநீரை, மண்ணும் ஏற்ற இறக்கமுமாக, திறந்துவிட்டது பெரிய விஷயம். ஆய்வகத்தில் கரைத்துக் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீரில் இந்தத் தொட்டி நிரூபணமாகியிருந்தால் இத்தனை வேகமாகப் பரவியிருக்காது என்பது என் எண்ணம்.

அந்தத் தொட்டியில்தான் 1976இல் அந்தக் கசடைப் பார்த்தார்கள். குழகுழவென்ற கறுப்புச் சேறு உருண்டு மணிமணியாகிவிட்டிருந்தது. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை. கண்ணாடிக் குவளையில் அள்ளிவிட்டால் நொடிகளில் அடியில் போய் உட்காரும். சாதாரணக் கசடு மணிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் படியும். இந்தக் குருணை மணிக்குப் பத்துக்கணக்கான மீட்டர் வேகத்தில் இறங்கும். மேல்நோக்கி வரும் தண்ணீரால் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அதுவும் யாரும் வடிவமைக்காமலே.

அடுத்து 200 கன மீட்டர் தொட்டி, பிறகு அதைவிடப் பெரியவை. வேளை தவறாமல் காற்றூட்டும் தொட்டிக்கு ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ சி.ஓ.டி. கொடுத்தாலே அதிகம். குருணை நிறைந்த தொட்டி பத்துப் பதினைந்து கிலோவைத் தாங்கியது. பீட்ரூட் பருவம் முடிந்ததும் பட்டினி போட்டால் குருணை சாகாது. மாதங்கள் கழித்து அடுத்த பருவத்தில் உணவு கொடுத்ததும் சில நாளில் வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

குருணை எப்படி உருவாகிறது என்பதில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். லெட்டிங்காவின் குழுவைச் சேர்ந்த ஹுல்ஸ்ஹோஃப் போல், தேர்வழுத்தம் என்ற விளக்கத்தை முன்வைத்தார். மேலேறும் நீரோட்டம் லேசான துகள்களைத் துடைத்து வெளியே அனுப்புகிறது. கனமானவை தங்கி, எஞ்சிய உணவையெல்லாம் தின்று, மேலும் பெருகுகின்றன. தொட்டியை இயக்குபவர் கசடு வெளியேறுகிறதே என்று பதறாமல், ஆரம்பத்தில் அதை வெளியேற விட வேண்டும் என்ற நடைமுறை அறிவு இதிலிருந்துதான் வந்தது. வீகன்ட் என்பவர் நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொன்னார்: மீத்தேன் ஆக்கும் நூலிழை நுண்ணுயிரிகள் ஒன்றோடொன்று பின்னி, இடியாப்பம் போல உருண்டையாகச் சுருண்டுகொள்கின்றன. அவர் சொன்னது இத்தாலியச் சேமியாவை. நமக்கு இடியாப்பம்தான் சரி.

ஒரு கிளைக் கதை. தென்னாப்பிரிக்காவில் கீழிருந்து மேல் ஓடும் செரிப்பான்கள் 1950களிலேயே இருந்தன. அவற்றில் கசடு நன்றாகப் படிகிறது என்பதும் தெரிந்தே இருந்தது. பின்னாளில், 1979இல், அங்கே எடுத்த கசடு மாதிரியின் படத்தைப் பார்த்தால் அது அச்சு அசலாகக் குருணை. இத்தனை வருடமாக அங்கே இருந்திருக்கிறது, யாரும் அள்ளிப் பார்க்கவில்லை. லெட்டிங்காவின் குழுவின் பெருமையில் பாதி, கசடை அள்ளிப் பார்த்ததில் இருக்கிறது.

காப்புரிமை வேண்டாம்

லெட்டிங்கா இந்தத் தொட்டிக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் செல்வந்தராகியிருப்பார் என்று சொல்லிப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அதைவிட அதன் விளைவு முக்கியமாகத் தெரிகிறது. நெதர்லாந்து நிறுவனங்கள் வரைபடத்தை எடுத்துத் தங்கள் வழியில் மெருகேற்றின. ஓட்ட வேகத்தைக் கூட்டி, தொட்டியை உயரமாக்கி, குறைந்த நிலத்தில் அதிகக் கழிவைச் செரிக்கும் அடுத்த தலைமுறைத் தொட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதே சமயம் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் இந்தியாவிலும் அரசுப் பொறியாளர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாங்களே கட்டினார்கள். 2007இல் சுற்றுச்சூழலுக்கான டைலர் விருதும், 2009இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர் விருதும் லெட்டிங்காவுக்கு வந்தபோது உலகமெங்கும் இத்தொட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

காப்புரிமை இல்லாததற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அதை எங்கே கட்டக்கூடாது என்று தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சாக்கடைக்கு வந்த தொட்டி

ஆலைக் கழிவில் வென்ற முறையை வீட்டுச் சாக்கடைக்குக் கொண்டுவருவது லெட்டிங்காவின் நெடுநாள் ஆசை. நெதர்லாந்தின் சாக்கடை குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிக்கு அது உறக்க வெப்பநிலை. ஆகவே வெப்ப நாடுகள். 1980களின் தொடக்கத்தில் கொலம்பியாவின் காலி நகரில் 64 கன மீட்டர் தொட்டி. அங்கே சாக்கடை 25 டிகிரியில் வருகிறது. ஆறு மணி நேரம் தங்கினாலே கழிவில் முக்கால் பங்கு போய்விடுகிறது என்று முடிவு வந்தது. பிறகு அதே நாட்டின் புக்காரமங்காவில் முழு அளவு நிலையம்.

இந்தியாவில் 1986இல் கங்கைச் செயல்திட்டம் தொடங்கியது. கான்பூர், மிர்சாபூர் நகரங்களுக்கு நெதர்லாந்து உதவி. கான்பூரின் ஜாஜ்மௌ பகுதியில் 5 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர், சாக்கடையைச் சுத்திகரிக்கும் முன்மாதிரித் தொட்டி 1989இல் ஓடத் தொடங்கியது. கொள்ளளவு 1200 கன மீட்டர், தண்ணீர் தங்குவது ஏறக்குறைய 6 மணி நேரம். இரண்டு ஆண்டு இயக்கத்துக்குப் பின் வெளியான முடிவுகள்: சி.ஓ.டி.யில் 74 விழுக்காடு, பி.ஓ.டி.யில் (கழிவைத் தின்ன நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனில்) 75 விழுக்காடு, மிதக்கும் திடப்பொருளில் 75 விழுக்காடு அகன்றது.

நல்ல முடிவுதான். ஆனால் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்க வேண்டும். சாக்கடை லிட்டருக்கு 200 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு வருகிறது என்று வைத்தால், 75 விழுக்காடு போக 50 மிஞ்சும். ஆற்றில் விட அன்றைய வரம்பு 30. அதாவது தொட்டி நன்றாக வேலை செய்தாலும் நீர் வரம்புக்குள் வராது. அதன் பின்னால் இன்னொரு கட்டம் இருந்தே ஆக வேண்டும். இது லெட்டிங்காவுக்குத் தெரியும், நெதர்லாந்து ஆலோசகர்களுக்குத் தெரியும், இங்கே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரியும்.

அதைவிட ஆழமான வேறொன்று இருக்கிறது. சாக்கடையில் ஓடும் யு.ஏ.எஸ்.பி. தொட்டிகளில் குருணை பெரும்பாலும் உருவாவதில்லை. சர்க்கரை ஆலையில் கழிவு கரைந்த நிலையில், செறிவாக வருகிறது. சாக்கடையில் பாதியளவு கழிவு கரையாத துகள்: மலம், எண்ணெய், காகிதக் கூழ், நார், மண். நுண்ணுயிரிகள் உருண்டு திரள நேரமும் உணவும் போதுவதில்லை. உள்ளே இருப்பது பஞ்சு போன்ற தளர்ந்த கசடு. அது நீரோட்டம் கொஞ்சம் ஏறினாலும் மேலே கிளம்பி வழிந்துவிடும். ஆலைத் தொட்டியின் பலம் முழுவதும் எந்தக் குருணையில் இருந்ததோ அது இல்லாமல், தொட்டி மட்டும் கப்பலேறி வந்திருந்தது. சாக்கடைத் தொட்டிக்கு ஆறு முதல் பத்து மணி நேரம் தங்கல் வைப்பதும், ஓட்டத்தை மணிக்கு அரை மீட்டர் சுமாருக்குள் அடக்குவதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

ஜாஜ்மௌவின் தோல் தண்ணீர்

முன்மாதிரி வென்றதும் அதே ஜாஜ்மௌவில் 36 எம்.எல்.டி. நிலையம். இதில்தான் தைரியமான, என் கணிப்பில் தவறான, முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு 9 எம்.எல்.டி., அதோடு சாக்கடை 27 எம்.எல்.டி. ஒன்றுக்கு மூன்று என்று கலந்து ஒரே தொட்டிக்குள் விட்டார்கள். கலப்பதால் நச்சு நீர்த்துப்போகும் என்பது தர்க்கம்.

தோல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முடி நீக்க சோடியம் சல்பைடு, சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் சல்பேட், ஊறவைக்க சல்பூரிக் அமிலம், பதனிட குரோமியம் சல்பேட். எங்கே திரும்பினாலும் கந்தகம். காற்றில்லாத தொட்டியில் சல்பேட் இருந்தால் அதைச் சல்பைடாக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஒரு கிலோ சல்பேட் 0.67 கிலோ சி.ஓ.டி.யை மீத்தேனாக விடாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தான் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். வாயு குறையும், வந்த வாயுவில் கந்தகம் ஏறும், எஞ்சின் அரிக்கும், மூடியைத் தாங்கும் கான்கிரீட் மாவாக உதிரும், வெளியேறும் நீர் கறுத்து நாறும். நச்சு நீர்த்துப்போவது உண்மை. சல்பேட் நீர்த்துப்போவதால் அதன் மொத்த எடை குறைவதில்லையே.

குரோமியத்தை ஆலையிலேயே பிரித்தெடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்த அளவுக்குத் தெருவில் இல்லை. வந்த குரோமியம் கசடில் படிந்தது. எருவாகப் போக வேண்டிய கசடு எதற்கும் உதவாமல் குவிந்தது. சுத்திகரித்த நீர் கால்வாய் வழியே அக்கம்பக்கக் கிராமங்களின் வயல்களுக்குப் போனது. அங்கிருந்து தோல் நோய், விளைச்சல் குறைவு என்று புகார்கள் நெடுங்காலம் வந்துகொண்டிருந்தன. காற்றில்லாத முறை நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தொடாமல் விடுவதால் அதன் நீர் பாசனத்துக்கு உரமாக ஏற்றது என்பது லெட்டிங்காவின் வழி வந்தவர்களின் நல்ல வாதம். குரோமியம் கலந்த இடத்தில் அதே வாதம் விவசாயிக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

யமுனைக் கரையில் பதினாறு

1993இல் ஜப்பான் கடனுதவியோடு யமுனைச் செயல்திட்டம். ஹரியானா, உத்தரப்பிரதேச நகரங்களில் கட்டப்பட்ட நிலையங்களில் 16 யு.ஏ.எஸ்.பி. வகை: ஃபரிதாபாத், கர்னால், பானிபட், சோனிபட், காஜியாபாத், சகாரன்பூர், ஆக்ரா போன்ற ஊர்களில். ஏன் இந்த வகை என்று இன்று கேட்பவர்கள் அன்றைய மின்வெட்டை மறந்துவிடுகிறார்கள். நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத ஊரில் புளோயரை நம்பி நிலையம் கட்டினால் அது அந்த நேரமெல்லாம் சும்மா கிடக்கும். மின்கட்டணம் கட்ட முடியாத நகராட்சியிடம் காற்றில்லாத தொட்டியைக் கொடுத்தது சரியான முடிவு என்றே நான் சொல்வேன்.

சறுக்கல் அதன் பின்னால் வைத்த கட்டத்தில். இரண்டாம் கட்டமாக ஒரு நாள் தங்கும் குட்டை ஒன்றுதான் வெட்டினார்கள். தொட்டியிலிருந்து ஆக்சிஜன் துளியும் இல்லாமல், சல்பைடோடு வரும் நீர், ஒரு நாள் குட்டையில் நின்று சுத்தமாகிவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. மலக் கிருமிகளைக் கொல்ல அது போதவே போதாது. குட்டை கசடால் நிறைந்து தூர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இயக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்று புரியும். தொட்டியின் மேலே நீர் பிரிக்கும் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் V வடிவ வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் ஒரு குழாய் தொட்டியின் அடிக்கு இறங்கும். எல்லா வெட்டிலும் ஒரே அளவு தண்ணீர் விழ வேண்டும். ஒரு குழாயில் துணியோ பாலித்தீன் பையோ அடைத்தால் அந்தப் பெட்டியில் நீர் மட்டம் ஏறி, பக்கத்துக் குழாய்க்குக் கூடுதலாகப் போகும். அடைத்த குழாய்க்குக் கீழே உள்ள கசடு பட்டினி. பக்கத்தில் உள்ளது வெள்ளத்தில் கிளம்பும். பார்த்தவுடன் தெரியும் அடையாளம் இது. கம்பியை விட்டுக் குத்தினால் பத்து நிமிட வேலை. ஆனால் அதைத் தினமும் யாராவது செய்ய வேண்டும். வழிந்தோடும் கால்வாயின் விளிம்பு ஒரு விரல்கடை சாய்ந்தாலும் இதே கதைதான். ‘இதில் ஓடும் எந்திரமே இல்லை’ என்று விற்கப்பட்ட தொட்டிக்கு ஆள் வேண்டும் என்பதைப் பல நகராட்சிகள் பட்ஜெட்டில் எழுதவில்லை.

2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி. வரம்பை 10 ஆக்கச் சொன்னது. அதோடு நைட்ரஜன், பாஸ்பரஸ் வரம்பும். தனித்து நிற்கும் யு.ஏ.எஸ்.பி.க்கு அது கதவை அடைத்தது. ஏற்கெனவே காற்றூட்டும் தொடர் தொகுதி முறையான எஸ்.பி.ஆர். பக்கம் சாய்ந்திருந்த டெண்டர்கள் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டன. புளோயர் திரும்பி வந்தது.

கரைந்து போகும் வாயு

நிலைத்த சுத்திகரிப்பு என்ற பெயருக்கு இந்தத் தொட்டி தகுதியா என்று பார்க்க ஒரு கணக்கு உதவும். 10 எம்.எல்.டி. நிலையம், சாக்கடையில் சி.ஓ.டி. 400 மில்லிகிராம், 70 விழுக்காடு அகற்றல், வெப்பநிலை 25 டிகிரி என்று கொள்வோம். நாளொன்றுக்கு 2800 கிலோ சி.ஓ.டி. போகிறது. முழுதும் மீத்தேன் ஆனால் 980 கன மீட்டர். கசடாவதும் சல்பேட் இழுப்பதும் போக மூன்றில் இரண்டு பங்கு மீத்தேன் ஆகிறது என்றால் 650.

இந்த 650உம் மூடிக்குள் வராது. மீத்தேன் கொஞ்சம் தண்ணீரில் கரையும். வாயுவில் முக்கால் பங்கு மீத்தேன் இருக்கும் நிலையில், இந்த வெப்பத்தில், லிட்டருக்கு 16 மில்லிகிராம் சுமாராக. ஆலைக் கழிவில் இது பொருட்டல்ல, ஏனெனில் கொஞ்சத் தண்ணீரில் நிறைய வாயு வருகிறது. சாக்கடையில் தலைகீழ். நாளொன்றுக்கு வரும் பத்தாயிரம் கன மீட்டர் தண்ணீர் 160 கிலோ மீத்தேனைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். கன மீட்டரில் சொன்னால் 220. உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு, குட்டையிலோ கால்வாயிலோ அருவியாக விழும்போது காற்றோடு போய்விடும்.

நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைப் போல 28 மடங்கு புவியைச் சூடாக்கும். 160 கிலோ, நாலரை டன்னுக்குச் சமம். காற்றூட்டாமல் மிச்சப்படுத்திய மின்சாரம் நாளுக்கு 2500 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று நம் நாட்டு நிலக்கரி மின்சாரத்துக்குப் போட்டால், சேமிப்பு 1.75 டன். மூடியில் சேர்ந்த வாயுவில் மின்சாரம் எடுத்தால் இன்னும் ஒரு டன் சுமார் சேரும். அப்போதும் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கிறது. உத்தேசக் கணக்குதான் இது; கரைந்த மீத்தேனில் ஒரு பகுதியைக் குட்டையில் வேறு பாக்டீரியா தின்றும் விடலாம். ஆனாலும் மின்கட்டணம் குறைந்தால் சூழலுக்கு நல்லது என்ற எளிய சமன்பாடு இங்கே உடைகிறது. 1970களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மின்சாரத்தையும் கசடையும் வைத்து அளந்தார்கள், அந்த அளவுகோலில் தொட்டி வென்றது.

பாதித் தொட்டிக்கு மீதிப் பாதி

நிலையத்தின் முதல் பாதியாக மட்டும் யு.ஏ.எஸ்.பி.யைக் கருதிய இடங்களில் கதை வேறு. பிரேசில் இதில் முன்னோடி. பெலோ ஒரிசோன்ச்சி நகரின் ஓன்சா நிலையத்தில் யு.ஏ.எஸ்.பி. தொட்டிகளைத் தொடர்ந்து, நீரை அடுக்குகள் வழியே சொட்டவிட்டுக் காற்றுபடச் சுத்திகரிக்கும் சொட்டு வடிகட்டிகள் இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேலே சேரும் நுரைப்பாலாடை, நாற்றம், கரைந்த மீத்தேன் என்று ஒவ்வொரு குறையையும் எடுத்து வருடக்கணக்கில் எழுதிவந்தார்கள். குறையை மறைக்காமல் பிரசுரித்ததால்தான் அங்கே இந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாஹெனிங்கனில் லெட்டிங்காவின் மாணவர் தலைமுறை வேறு திசையில் நடந்தது. சாக்கடை நீர்த்துப்போயிருப்பதுதான் சிக்கல் என்றால், நீர்க்க விடாமல் எடுப்போம் என்றார்கள். ஸ்னேக் என்ற சிறு நகரில் 2006இல் 32 வீடுகளில் வெற்றிட உறிஞ்சல் கழிப்பறைகள் வைத்தார்கள். ஒரு முறைக்கு ஒரு லிட்டர் அளவில் தண்ணீர் போதும். செறிவான மலக்கழிவு மட்டும் யு.ஏ.எஸ்.பி.க்குப் போகும்; குளியல், சமையலறை நீர் தனி வழி. செறிவு கூடியதால் கரைந்து வீணாகும் மீத்தேனின் பங்கு தானாகக் குறைகிறது. அழகான வழி. ஏற்கெனவே குழாய் புதைத்துவிட்ட ஊருக்கு உதவாது.

கங்கை, யமுனைக் கரைத் தொட்டிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது ஜப்பானியப் பொறியாளர் ஹிடெகி ஹராடா குழுவின் தொங்கு பஞ்சு முறை. யு.ஏ.எஸ்.பி.யிலிருந்து வரும் நீரை உயரத்திலிருந்து பஞ்சுத் துண்டுகள் வழியே சொட்டவிடுவது. சொட்டும்போது காற்று தானே புகும், புளோயர் வேண்டாம். பஞ்சின் வெளிப்பக்கம் ஆக்சிஜனை நம்பும் பாக்டீரியா, உட்பக்கம் ஆக்சிஜன் இல்லாதது. இரண்டும் சேர்ந்து மிச்சக் கழிவைத் தின்கின்றன. சுற்றிலும் மூடிக் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தினால், முதல் அடுக்கிலேயே கரைந்த மீத்தேனைப் பிரித்து எடுக்கலாம் என்றும் காட்டியிருக்கிறார்கள். ஹரியானாவின் கர்னாலில், யமுனைத் திட்டத்தில் கட்டிய யு.ஏ.எஸ்.பி. நிலையத்திலேயே இதைப் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆக்ராவின் தந்துபுராவில் முழு அளவு அமைப்பு. அங்கே யு.ஏ.எஸ்.பி. நிலையத்தின் திறன் 78 எம்.எல்.டி.; பஞ்சு அமைப்பு கட்டப்பட்டது 5 எம்.எல்.டி.க்கு.